ஜப்பான் போறீங்களா? முதல்ல சாப்பாட்டைப் பேசுவோம்

(ஒசாகாவில் குடித்தனம் நடத்திவிட்டு, இப்போது கோவையிலிருந்து ஜப்பானுக்குச் சுற்றுலாக் குழுக்களை அழைத்துப் போகும் நம் வாசகி பதில் சொல்கிறார்.)

அப்பா, அம்மா இருவரும் சுத்த சைவம். முட்டை கலந்த கேக்கூடத் தொடமாட்டார்கள். ஜப்பானில் பட்டினிதானா? எலெக்ட்ரிக் குக்கரும் கறிவேப்பிலையும் கொண்டுபோகலாமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பட்டினி கிடக்க வேண்டாம். ஆனால் ‘காய்கறிதானே’ என்று கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைக்கவும் வேண்டாம். அங்கே கறித்துண்டு கண்ணுக்குத் தெரியும், மீன் தெரியாது. ‘தஷி’ என்று ஒரு சாறு வைத்திருப்பார்கள். கடல்பாசியோடு, சூரை மீனைப் புகைபோட்டுக் கட்டையாக உலர்த்திச் சீவிய சுருளையும் போட்டு இறக்குவது. தூத்துக்குடிப் பக்கம் மாசி என்பார்களே, அதற்கு அண்ணன். மிசோ சூப்பில் அது, உடோன் நூடுல்ஸ் மிதக்கும் சாறில் அது, மாவில் தோய்த்துப் பொரிக்கும் காய்கறி தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுப்பதில் அது, அவித்த கீரையில்கூட அது. ‘மீன் இல்லையே?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பார்கள். பொய் இல்லை, சாறை அவர்கள் மீன் கணக்கில் சேர்ப்பதில்லை.

அதனால் ‘வெஜிடேரியன்’ என்று சொல்லிப் பயனில்லை. ‘நிகு நாஷி, சகானா நாஷி, கத்ஸுஓ தஷி நாஷி’, அதாவது கறி, மீன், மீன் சாறு எதுவும் கூடாது என்று ஜப்பானிய எழுத்தில் அச்சடித்து ஆளுக்கொரு அட்டை கையில் கொடுத்துவிடுங்கள். முட்டைக்கும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: அங்கே ‘கரி ரைஸ்’ என்று போர்டு பார்த்ததும் நம்மவர்களுக்குக் கால் தானாக உள்ளே போகும். அந்தக் குழம்புக் கட்டியில் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ உண்டு. காய் மட்டும் போட்டிருந்தாலும் அதே குழம்புதான்.

கைகொடுப்பது செவன் இலெவன், லாசன், ஃபேமிலிமார்ட் கடைகள். ‘உமேபோஷி’ ஓனிகிரி கேளுங்கள்: நடுவில் உப்பில் ஊறிய புளிப்புக் காய் வைத்த முக்கோணச் சோற்று உருண்டை. பிரிப்பதில் ஒரு நேக்கு இருக்கிறது. உறையில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். 1-ஐப் பிடித்து நடுவே கீழ்வரை கிழித்து, 2, 3 மூலைகளைப் பக்கவாட்டில் உருவினால், அதுவரை சோற்றில் ஒட்டாமல் மொறுமொறுவென்று காத்திருந்த கடல்பாசித் தாள் வந்து சுற்றிக்கொள்ளும். வாங்குமுன் போன் கேமராவால் லேபிளை மொழிபெயர்த்துப் பார்த்துவிடுங்கள். சிலதில் மீன் சத்து சேர்க்கிறார்கள். சர்க்கரையில்லாத தயிரும், சுடவைத்துத் தின்னும் பாக்கெட் சாதமும் கிடைக்கும். அப்புறம் என்ன, தயிர்சாதம்தான்.

அப்பா அம்மாவுக்கு ஒரு ராத்திரியாவது கோயாசான் மலையில் தங்க வையுங்கள். 816-ல் கூகாய் என்ற துறவி தொடங்கிய மடங்களின் ஊர். மடத்திலேயே அறை தருவார்கள். சாப்பாட்டில் கறி, மீன் மட்டுமல்ல, வெங்காயம், பூண்டும் கிடையாது. எள்ளை அரைத்துச் செய்த டோஃபுவைச் சாப்பிட்டுவிட்டு உங்கள் அம்மா செய்முறை கேட்பார். ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து ரயில், கேபிள் கார் என்று சுமார் இரண்டு மணி நேரம்.

குக்கரை வீட்டிலேயே வையுங்கள். அங்கே 100 வோல்ட், தட்டையான இரண்டு பின். நம்மூர் குக்கர் அதில் சூடேறாது. ஹோட்டல் அறையில் சமைக்கவும் விடமாட்டார்கள். வெந்நீர் ஊற்றினால் ஆகிற உப்புமா, அவல் பாக்கெட்டுகள் போதும். போன் சார்ஜருக்கு ஒரு பின் அடாப்டர் வாங்கினால் சரி. கறிவேப்பிலை, பச்சை மிளகாய், மாங்காய் எதையும் கொண்டுபோகாதீர்கள். தாவர நோய்த்தடுப்புச் சான்று இல்லாமல் பச்சைக் காய், இலை எதற்கும் அனுமதியில்லை, சிலவற்றுக்குச் சான்று இருந்தாலும் இல்லை. கறி கலந்த பண்டம் எதுவும் கூடவே கூடாது.

ரயில் பாஸ் வாங்கினால்தான் லாபம் என்கிறார்கள். டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா மட்டும் பார்க்க எண்ணம். மே முதல் வாரம், பிள்ளைகளோடு.
– ஒரு வாசகர், திருச்சி

அது பழைய கதை. ஏழு நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்தவரை அப்படிச் சொன்னோம். 2023 அக்டோபரில் அதை 50,000 யென் ஆக்கிவிட்டார்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு நோசோமி அதிவேக ரயிலில் ஒருவழி ஏறக்குறைய 14,000 யென். போய்த் திரும்பினாலும் பாஸ் நஷ்டம். நீங்கள் திரும்பவே வேண்டாம்: டோக்கியோவில் இறங்கி, ஒசாகாவின் கான்சாய் விமான நிலையத்திலிருந்து ஊர் திரும்புகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். ஆறு வயது நிரம்பாத பிள்ளைக்கு மடியில் இடம் இருந்தால் டிக்கெட் வேண்டாம். பதினொன்று வரை அரை டிக்கெட். சாதாரணப் பெட்டியில் ‘ஈ’ (E) வரிசை ஜன்னல் கேட்டு வாங்குங்கள். கிளம்பி முக்கால் மணி நேரத்தில், மேகம் விட்டால், வலப்பக்கம் ஃபூஜி மலை.

நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டருக்கு மேல் போகிற பெட்டி இருந்தால், அதை வைக்க இடமுள்ள இருக்கையை அந்த ரயிலில் முன்பதிவு செய்யவேண்டும். செய்யாமல் ஏறினால் 1,000 யென். எனக்குப் பிடித்த வழி வேறு. ஹோட்டல் வரவேற்பறையில் ‘தக்யூபின்’ என்று சொல்லிப் பெட்டியைக் கொடுத்தால், பெரும்பாலும் மறுநாள் அடுத்த ஊர் ஹோட்டலில் உங்களுக்காக நிற்கும். பெட்டிக்கு 2,000, 3,000 யென் ஆகும். பிள்ளைகளோடு டோக்கியோ நிலையத்தின் படிக்கட்டுகளைப் பார்த்தபின் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

தேதியை மட்டும் மாற்றுங்கள். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை ‘கோல்டன் வீக்’, நாடே ஊர் சுற்றும் வாரம். நம் பள்ளி விடுமுறை சரியாக அதில் போய் விழுகிறது. ஒரு வாரம் தள்ளிப் போனால் அறை வாடகையும் இறங்கும், கூட்டமும் குறையும். ஜூனுக்குத் தள்ளாதீர்கள், மழைக்காலம்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் கொண்டுபோகத் தடை உண்டா?
– ஒரு வாசகர், ஈரோடு

ஒரு மாதத்துக்கு உட்பட்ட மருந்து என்றால் முன் அனுமதி தேவையில்லை. அதற்கு மேல் என்றால் கிளம்புமுன்பே இறக்குமதிச் சான்று வாங்கவேண்டும். மருந்தின் மூலப்பெயர் எழுதிய ஆங்கிலச் சீட்டைக் கையில் வையுங்கள். நான் பயப்படுவது சர்க்கரை மாத்திரைக்கு அல்ல, சளி மாத்திரைக்கு. சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால், முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோவது சட்டப்படி குற்றம். கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் கட்டுப்பாடு உண்டு. அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டுப் பெட்டியில் போடுங்கள்.

கையில் வேல் பச்சை குத்தியிருக்கிறேன். வெந்நீர் ஊற்றில் குளிக்க விடுவார்களா?
– ஓர் இளைஞர், பழனி

பல இடங்களில் விடமாட்டார்கள். அங்கே பச்சை என்றால் ரௌடிக் கும்பல் ஞாபகம். முருகன் என்று விளக்கிப் பயனில்லை. கினோசாகி ஊரின் பொதுக் குளியலறைகளில் தடையில்லை, அங்கே போங்கள். துணியோடு இறங்க முடியாது என்பது தெரியும்தானே?

தாத்தா ஐ.என்.ஏ.-வில் இருந்தவர். நேதாஜியின் அஸ்தி இருப்பதாகச் சொல்லும் கோயிலைப் பார்க்க முடியுமா?
– ஒரு வாசகி, சிவகங்கை

முடியும். டோக்கியோவின் சுகினாமி வட்டாரத்தில் ரென்கோஜி. மருனோஉச்சி ரயில் பாதையில் ஹிகாஷி-கோயென்ஜி நிலையத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் போதும். அஸ்தி அவருடையதுதானா என்ற வழக்கு நம் நாட்டில் இன்னும் ஓயவில்லை, அது வேறு. வளாகத்தில் அவருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது. ராஜேந்திர பிரசாத், நேரு, இந்திரா வந்து எழுதிய வரிகளைக் கல்வெட்டாக வைத்திருக்கிறார்கள். அஸ்திப் பேழையை எல்லா நாளும் காட்டமாட்டார்கள். ஆகஸ்ட் 18 நினைவு நாளில் பூஜை நடக்கும். குடியிருப்புக்கு நடுவே இருக்கும் சின்னக் கோயில். பகலில், நாலைந்து பேராகப் போங்கள். தாத்தாவின் படம் இருந்தால் எடுத்துப்போங்கள். சிலைக்கு முன்னால் வைத்துக் கும்பிட யாரும் ஆட்சேபிக்கமாட்டார்கள்.