காட்டை வெட்டாமல் வைத்திருந்தால் நில உரிமையாளருக்குப் பணம் தரலாமா?

"சும்மா இருப்பதற்குக் கூலியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூலி சும்மா இருப்பதற்கு அல்ல, அந்த நிலம் தரும் பயனுக்கு. மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிக்காவில் 1997 முதல் இது நடக்கிறது. எரிபொருள் வரியில் ஒரு பங்கு, காட்டைக் காக்கும் நில உரிமையாளர்களுக்குப் போகிறது. பல ஆண்டு ஒப்பந்தம், இடையில் சோதனையும் உண்டு.

நம் மதுரைக்கு வைகையை வைத்துப் பாருங்கள். வருசநாட்டு மலைச்சரிவில் மண் அரித்தால் வைகை அணையில் வண்டல் சேரும். மேட்டுக்காரர் சரிவை உழாமல் விட்டால் நஷ்டம் அவருக்கு, லாபம் கீழே தண்ணீர் குடிக்கிற நமக்கு. அதை ஈடுகட்டுவது நியாயம்தான்.

சிக்கல் பட்டாவில் இருக்கிறது. பட்டா ஒருவர் பெயரில், பாடுபடுவது குத்தகைக்காரர் என்றால் பணம் யாருக்கு? அப்புறம், எப்படியும் யாரும் உழப்போகாத கரட்டுக்குப் பணம் கொடுத்தால் வீண். கோஸ்டா ரிக்கா திட்டத்தின் மீதும் இப்படி ஒரு குறை சொல்லப்பட்டது.