9,500 ரூபாய் ஸ்பிரிங்கா, 27,000 ரூபாய் ஸ்பிரிங்கா?

கேள்வி: 2019 பெட்ரோல் ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ வைத்திருக்கிறேன். 68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பெங்களூரில் வீடு ராமமூர்த்தி நகர், ஆபீஸ் எலக்ட்ரானிக் சிட்டி. மாதத்துக்கு ஒரு தடவை அப்பா, அம்மா, மனைவி, பையனோடு வாணியம்பாடி போய் வருவோம். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி பார்க்கவே பிடிக்கவில்லை. ஜே.சி. ரோட்டில் விசாரித்தேன். காரைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங், பெயர் இல்லாதது ஒரு செட் 9,500 ரூபாய், 40 மி.மீ. இறங்கும் என்கிறார்கள். ஜெர்மன் பிராண்டு 27,000, ஆனால் 30 மி.மீ. தானாம். ‘இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்று வெட்டிவிடு, 1,500-ல் முடிந்துவிடும்’ என்கிறான் நண்பன். எதைச் செய்வது?

பதில்: நண்பர் சொன்னதை முதலில் தள்ளிவிடுவோம். உங்கள் காரில் பின்பக்க ஸ்பிரிங்கும் ஷாக்கும் (ஷாக் அப்சார்பர்) தனித்தனி. ஸ்பிரிங் கீழே ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதை யாரும் போல்ட் போட்டு இறுக்கியிருக்கவில்லை. சக்கரம் முழுதாகத் தொங்கும்போதும் ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கிய நிலையில் இருப்பதால்தான் அது இடத்தில் நிற்கிறது. ஒரு சுற்றை வெட்டினால் அந்த அமுக்கம் போய்விடும். பஞ்சருக்கு ஜாக்கி போட்டுத் தூக்கும்போதே ஸ்பிரிங் கிண்ணத்தை விட்டு நகரலாம். பள்ளத்தில் சக்கரம் தொங்கி மறுபடி ஏறும்போது கோணலாக உட்காரலாம். வெட்டிய முனை கிண்ணத்தின் வளைவில் சரியாகப் பொருந்தாது என்பது வேறு. கேஸ் வெல்டிங் நெருப்பில் சூடாக்கித் தாழ்த்துகிறவர்களும் இருக்கிறார்கள். அது இன்னும் மோசம்: சூடு பட்ட இடத்தில் டெம்பர், அதாவது எஃகின் உறுதி, போய்விடும், அப்புறம் அது ஸ்பிரிங்கே இல்லை.

இனி 9,500-க்கும் 27,000-க்கும் வருவோம். இரண்டையும் மேஜையில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சிவப்பு பெயின்ட் அடித்த சுருள் கம்பிதான் இரண்டும். காரைத் தாழ்த்துவது என்ற வேலையை இரண்டுமே செய்யும். விலை குறைந்தது சில சமயம் இன்னும் ‘நன்றாக’வே செய்யும். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசு அதற்கு அல்ல. இரண்டு வருஷம் கழித்தும் நான்கு மூலையும் அதே உயரத்தில் நிற்பதற்கும், கம்பி முறியாமல் இருப்பதற்கும்தான்.

ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பாக இருக்கும் என்பதை மூன்று அளவுகள் முடிவு செய்கின்றன: கம்பியின் தடிமன், சுருளின் அகலம், வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை. இதில் கம்பியின் தடிமனுக்குத்தான் பலம் அதிகம். கணக்கில் அந்தத் தடிமனை நான்கு தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். 12 மி.மீ. இருக்க வேண்டிய கம்பி 11.5 மி.மீ. இருந்தால், அந்த அரை மில்லிமீட்டரிலேயே விறைப்பு சுமார் 16 சதவீதம் குறைந்துவிடும். கையில் பிடித்துப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. வெர்னியர் அளவுகோல் வேண்டும். பெயர் இல்லாத செட்டில் இடது வலது ஸ்பிரிங்குகளுக்குள்ளேயே இந்த வித்தியாசம் வருவதுண்டு. கார் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும், அலைன்மென்ட் கடைக்காரர் தலையைச் சொறிவார்.

அடுத்தது கம்பிக்குச் செய்யும் வேலை. நல்ல ஸ்பிரிங்குக்கு குரோம்-சிலிக்கான் மாதிரியான உயர்ரக எஃகுக் கம்பியைச் சுருட்டி, சூடாக்கிக் குளிர்வித்து டெம்பர் ஏற்றுவார்கள். பிறகு சின்னச் சின்ன எஃகு உருண்டைகளை வேகமாக அதன் மேல் வீசி அடிப்பார்கள். அந்த அடியில் மேற்பரப்பு இறுகிவிடும். விரிசல் எப்போதும் மேற்பரப்பில்தான் தொடங்கும் என்பதால், இறுகிய தோலில் அது சுலபத்தில் வாய் திறக்காது. கடைசியாக ஸ்பிரிங்கைச் சுற்றோடு சுற்று ஒட்டும்வரை பிரஸ்ஸில் அமுக்கி விடுவார்கள். காரில் போட்ட பிறகு குட்டையாகி உட்கார வேண்டியதை ஃபேக்டரியிலேயே உட்கார வைத்துவிடும் வேலை இது. விலையைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் கை வைப்பது கடைசியில் சொன்ன இந்த இரண்டு வேலைகளில்தான், ஏனென்றால் வாங்குகிறவர் கண்ணுக்கு இரண்டுமே தெரியாது. ‘40 மி.மீ.’ என்று வாங்கியது ஆறு மாதத்தில் 55 ஆகிவிடுவது இதனால்தான்.

முறிந்த ஸ்பிரிங் எங்காவது கிடைத்தால் முறிவை உற்றுப் பாருங்கள். ஓரத்தில் ஒரு சின்னப் பிறை அளவுக்குக் கறுத்துத் துருப்பிடித்திருக்கும். மிச்சப் பகுதி சர்க்கரை உடைத்த மாதிரி பளபளப்பாக இருக்கும். கறுத்த இடம் விரிசல் மாதக்கணக்கில் மெல்ல ஊர்ந்த இடம். பளபளப்பு ஒரே அடியில் போன இடம். பெரும்பாலும் இது கீழ்ச் சுற்றில்தான் நடக்கும். மண்ணும் ஜல்லியும் உரசி அங்கே பெயின்ட் போய்விடுகிறது, மழைத்தண்ணீர் நிற்கிறது, துரு பிடிக்கிறது. முன்பக்க ஸ்பிரிங் முறிந்தால் அந்த முனை பக்கத்தில் இருக்கும் டயரைக் கிழித்துவிடக்கூடும். கிருஷ்ணகிரி ரோட்டில் ஐந்து பேரோடு போகும்போது அது நடக்கக் கூடாது.

இன்னொரு விஷயம், பலருக்கும் இது தலைகீழாகத் தெரியும். தாழ்த்தினால் கார் வளைவில் சாயாது என்று நினைக்கிறோம். உங்கள் காரின் முன்பக்கம், ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சேர்ந்திருக்கும் மேக்பர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. அதில் காரை 40 மி.மீ. இறக்கினால் எடையின் மையம் 40 இறங்கும்; ஆனால் சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் காரோடு இணைக்கும் லோயர் ஆர்மின் கோணம் மாறிவிடுவதால், கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது அதைவிட அதிகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடுகிறது. தூரம் கூடினால் சாய்வும் கூடும். அதை ஈடுகட்டத்தான் நல்ல கம்பெனிகள் விறைப்பைக் கணக்குப் போட்டு ஏற்றுகின்றன. 25 முதல் 30 மி.மீ.-யோடு நிறுத்திக்கொள்வதும் அதனால்தான். பிராண்டு செட் 10 மி.மீ. குறைவாக இறங்குகிறதே என்று உங்களுக்குக் குறையாகப் பட்டிருக்கிறது. என்னைக் கேட்டால் அந்த 27,000-த்தில் எனக்குப் பிடித்த விஷயமே அதுதான்.

இனி நம்ம ஊர் ஹம்ப். ஸ்விஃப்டுக்குத் தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடைவெளி 163 மி.மீ., காலியாக நிற்கும்போது. ஐ.ஆர்.சி. (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) விதிப்படி கட்டிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், மெல்ல ஏறி மெல்ல இறங்கும் வளைவு. உங்கள் காரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் 2.45 மீட்டர்தான் தூரம். ஆக கார் நட்டநடுவில் நிற்கும்போது நான்கு சக்கரமும் ஹம்ப் மேலேயே இருக்கும். அப்போது வயிற்றுப் பக்கம் உயர்ந்து வருவது வெறும் 44 மி.மீ. எவ்வளவு தாழ்த்திய காரும் தாண்டிவிடும்.

ஆனால் அப்படிப்பட்ட ஹம்ப் உங்கள் தெருவில் இருக்கிறதா? ராமமூர்த்தி நகர், கே.ஆர். புரம் உள்தெருக்களில் ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிய சிமென்ட் கட்டைதான் இருக்கும். அகலம் அரை மீட்டர், உயரம் கட்டியவர் கோபத்தைப் பொறுத்தது. அதில் முன் சக்கரம் இறங்கிவிடும், பின் சக்கரம் இன்னும் ஏறியிருக்காது, முழு உயரமும் வயிற்றுக்கு நேராக வரும். இப்போது கணக்குப் பாருங்கள். பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் பையும் சேர்ந்து பின் சக்கரம் ஒன்றுக்கு 80 கிலோ கூடுகிறது என்று வைப்போம். மில்லிமீட்டருக்கு 2 கிலோ தாங்கும் ஸ்பிரிங் என்றால் பின்பக்கம் 40 மி.மீ. இறங்கும், காரின் நடுப்பகுதி சுமார் 20. 163-இல் 40 மி.மீ. செட்டையும் இந்த 20-ஐயும் கழித்தால் 103. பத்து சென்டிமீட்டர் கட்டை ஒன்று போதும், கார் கொஞ்சம் ஆடினாலே அடி தட்டும். 30 மி.மீ. செட் என்றால் 113. தப்பிக்கலாம், நிம்மதியாகத் தப்பிக்க முடியாது. மாதத்துக்கு ஒரு தடவை அம்மாவை இறங்கி நடக்கச் சொல்ல முடியுமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அடி தட்டுவது மட்டும் அல்ல. சக்கரம் மேலே ஏறுவதற்கு இருந்த இடத்தையும் தாழ்த்தல் சாப்பிட்டுவிடுகிறது. குழியில் விழுந்ததும் ஸ்பிரிங் முழுதாக அமுங்கி அதற்கு மேல் ஏறவிடாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் முட்டும். அந்த அடி நேராக ஷாக்குக்கும், அதைக் காரோடு இணைக்கும் மவுண்டுக்கும் போகும்.

ஷாக் என்றதும்தான் உங்கள் கேள்வியிலேயே எனக்கு முக்கியமாகப் பட்ட எண் ஞாபகம் வருகிறது: 68,000. நம் ரோட்டில் அத்தனை ஓடிய ஷாக் பாதி உயிரோடு இருக்கும். ஸ்பிரிங் அமுங்கி விரிவதை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. தளர்ந்த ஷாக்கில் விறைப்பான புது ஸ்பிரிங்கைப் போட்டால் கார் துள்ளும், பின்சீட்டில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு முதுகு பிடிக்கும், ஷாக் சீக்கிரமே எண்ணெய் கசியும். அப்போது 27,000 ரூபாய் ஸ்பிரிங்கும் 9,500 ரூபாய் ஸ்பிரிங் மாதிரிதான் ஓடும். அதனால் பிராண்டு ஸ்பிரிங் என்று முடிவு செய்தால் கூடவே நான்கு ஷாக், முன்பக்க டாப் மவுண்ட், பேரிங் எல்லாவற்றுக்கும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள். ஸ்ட்ரட்டைக் கழற்றிப் பூட்டும் கூலி ஒரு தடவையோடு போகும். வெளிநாட்டில் தாழ்த்திய கார்களுக்கென்றே குட்டையான ஷாக் உண்டு. பில்ஸ்டைன் கம்பெனியின் பி8 அந்த வகை. பி12 என்று சேர்த்து விற்பது அதே பி8 ஷாக்கும் ஐபாக் கம்பெனியின் ஸ்பிரிங்கும்தான். அந்த அளவுக்குப் போனால் செலவு எங்கேயோ போய்விடும்.

ஆகவே என் பதில்: 9,500 செட் வேண்டாம். 27,000 செட்டும் இப்போது வேண்டாம். அந்தக் காசில் முதலில் ஷாக்கும் தேய்ந்த ரப்பர் புஷ்களும் மாற்றி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். இடைவெளிதான் கண்ணை உறுத்துகிறது என்றால் அதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. உங்கள் விஎக்ஸ்ஐயில் வருவது 165/80 ஆர்14 டயர். அதே ஸ்விஃப்டின் உயர் மாடலில் 185/65 ஆர்15. மொத்த விட்டம் இரண்டுக்கும் 2 மி.மீ. தான் வித்தியாசம், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. இடைவெளி அப்படியேதான் இருக்கும். ஆனால் பெரிய ரிம்மும் அகலமான டயரும் சக்கர வளைவை நிறைத்துக் காட்டும். கம்பெனியே இந்தக் காருக்குக் கொடுத்த அளவு.

இல்லை, தாழ்த்தியே தீருவேன் என்றால் 30-க்கு மேல் போகாதீர்கள். வாங்குவதற்கு முன் சிலதைப் பாருங்கள். ஐபாக், எச்&ஆர் மாதிரி கம்பெனிகள் ஒவ்வொரு செட்டையும் மாடல், எஞ்சின், முன் பின் அச்சு எடை (முன், பின் சக்கரங்கள் தாங்கும் எடை) என்று பிரித்துத்தான் பட்டியல் போடுகின்றன. ஐரோப்பாவில் விற்கும் ஸ்விஃப்டும் இங்கே விற்பதும் எடையிலும் உயரத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதனால் ‘ஸ்விஃப்ட்தானே, பொருந்தும் சார்’ என்ற பேச்சை நம்பாமல் அச்சு எடையை ஒத்துப் பாருங்கள். போலிகளும் உண்டு. ஐபாக்கின் ‘ப்ரோ-கிட்’ ஸ்பிரிங் செட்டின் எண் இ10 என்று தொடங்கும். சுருளின் மேலேயே பாக எண்ணோடு முன்பக்கத்துக்கு விஏ, பின்பக்கத்துக்கு எச்ஏ என்று அச்சடித்திருப்பார்கள். செட்டோடு வரும் சான்றிதழில் இருக்கும் ஸ்பிரிங் எண்ணும் கம்பியில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பெயர் தெரியாத கம்பெனி என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதும் இல்லை. ஸ்பிரிங் ரேட் (விறைப்பின் அளவு) என்ன, எந்த அச்சு எடைக்கு, உட்கார்ந்துவிட்டால் எழுத்தில் வாரண்டி உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்கிற கடையில் பேரம் பேசலாம். ‘எல்லாருக்கும் இதுதான் போடுறோம்’ என்றால் அடுத்த கடை.

சட்டமும் கொஞ்சம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆர்.சி.யில் ஸ்பிரிங்கின் உயரம் எழுதியிருக்காதுதான். ஆனாலும் சோதனையில் நிறுத்தினால் வாதாடும் வேலை உங்களுடையது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவிக்காமல் மாற்றிவிட்டு விபத்து நடந்தால், கிளெய்மை இழுத்தடிக்க அவர்களுக்கு அது ஒரு சாக்கு.

போட்ட அன்றைக்கே அலைன்மென்ட் பார்த்து, ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பாருங்கள். அதற்குள் ஸ்பிரிங் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும். ஹெட்லைட் எங்கே அடிக்கிறது என்பதையும் சரிசெய்யச் சொல்லுங்கள், பெரும்பாலான கடைகளில் இதை மறந்துவிடுவார்கள். கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். முன் இடது, முன் வலது என்று பெயின்டில் எழுதி, துரு பிடிக்காமல் எண்ணெய் தடவி பரணில் போட்டு வையுங்கள். காரை விற்கும்போது வாங்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.