வயதைக் காட்ட அடையாள அட்டை முழுவதையும் ஏன் கொடுக்க வேண்டும்?

கேள்வி: இணையத்தில் வயதைச் சரிபார்க்கச் சொல்லும் சட்டங்கள் பிள்ளைகளின் நன்மைக்குத்தானே? அதில் தனியுரிமைக்கு என்ன பாதிப்பு?

பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சே இல்லை. கிளிநொச்சியில் கொமினிகேசன் கடை நடத்துகிறேன். சின்னப் பிள்ளைகளின் போனில் என்னென்ன வந்து விழுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கிறவன் நான். ஆனால் யார் பிள்ளை என்று பிரித்தறிய, வளர்ந்தவர்கள் அத்தனை பேரும் தங்களைக் காட்டியாக வேண்டியிருக்கிறது. என் கவலை அங்கேதான்.

பிரித்தானியாவில் 2025 ஜூலை 25 முதல் ஆபாசத் தளங்கள் வயதை உறுதிசெய்தே ஆளை உள்ளே விட வேண்டும். அவுஸ்திரேலியாவில் அதே ஆண்டு டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் முக்கிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. நிறுவனம் தவறினால் 49.5 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் வரை தண்டம். அதற்குப் பயந்து அவை முகத்தைக் காட்டச் சொல்கின்றன, இல்லாவிட்டால் அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கின்றன.

அப்படி அனுப்பியது பத்திரமாக இருக்குமா? டிஸ்கோர்ட் என்ற அரட்டைச் செயலியின் நிறுவனம் 2025 ஒக்டோபரில், வெளி நிறுவனம் ஒன்றின் வழியாகச் சுமார் 70,000 பேரின் அடையாள அட்டைப் படங்கள் கசிந்திருக்கலாம் என்று அறிவித்தது. வயது தொடர்பாக மேன்முறையீடு செய்தவர்கள் அனுப்பிய படங்கள் அவை. கடவுச்சொல் போனால் மாற்றலாம். முகத்தையும் பிறந்த திகதியையும் எப்படி மாற்றுவது?

எங்கள் இலங்கை அடையாள அட்டையையே பாருங்கள். பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 12 இலக்கப் புதிய அட்டையிலும் ஆண்டு முழுதாக வருகிறதே தவிர முறை அதேதான். பெயர், விலாசம், படம் வேறு. பதினெட்டு நிரம்பியதா, ஆம் அல்லது இல்லை என்ற ஒரு சொல்லுக்காக இவ்வளவையும் கொடுப்பது நியாயமே இல்லை.

வன்னிச் சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2009இல் முகாமிலும், மீளக்குடியேறிய பிறகு வீட்டு வாசலிலும் எத்தனை படிவங்கள், எத்தனை குடும்பப் படங்கள்! அந்தத் தாள்கள் யார் கையில் இருக்கின்றன என்று கொடுத்தவர்களுக்குத் தெரியாது. கடைக்கு வரும் வயதான அம்மாமார், போட்டோக்கொப்பி சரியாக விழாத தாளையும் கேட்டு வாங்கிக் கிழித்துக்கொண்டுதான் போவார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளோ, "அண்ணை, ஒரு கொப்பி" என்று அட்டையின் இரு பக்கத்தையும் வட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார்கள். கொப்பி எடுத்ததும் நான் அழித்துவிடுவேன், எல்லாக் கடையிலும் அழிப்பார்களா?

வேறு வழி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் உருவாக்கிய செயலி, வயது நிரம்பியதா என்பதை மட்டும் தளத்துக்குச் சொல்லும், பெயரைச் சொல்லாது. அவுஸ்திரேலியச் சட்டமும் அரசு அட்டையை மட்டுமே வழியாக வைக்கக் கூடாது என்கிறது. அதனால் ஏதாவது தளம் உங்களிடம் அட்டை கேட்டால், உடனே படம் எடுக்காதீர்கள். வேறு முறை இருக்கிறதா, படத்தை எப்போது அழிப்பார்கள், யாரிடம் கொடுப்பார்கள் என்று முதலில் பாருங்கள். பதில் இல்லையென்றால் அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள்.