நாய் பிழைக்கவில்லை, பில் 1,18,000 ரூபாய்: சட்டப்படி என்ன செய்யலாம்?

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் தாம்பரத்தில் குடியிருக்கிறோம். எங்கள் ரோஸி ஏழு வயது ஜெர்மன் ஷெப்பர்ட், 34 கிலோ. சென்ற மாதம் ஓர் இரவு சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்தாள். 11.40-க்கு, இரவு பகலாக இயங்கும் ஒரு தனியார் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இரைப்பை முறுக்கிக்கொண்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும், 60,000 ரூபாய் ஆகும் என்று சொல்லி வாட்ஸ்அப்பிலும் அனுப்பினார்கள். 12.15-க்கு 40,000 முன்பணம் கட்டினேன். 3.30-க்குத்தான் ஆபரேஷன் தொடங்கியது. 4 மணிக்கு இன்னும் 30,000 வாங்கினார்கள். 6.10-க்கு ரோஸி இறந்துவிட்டாள். பில் 1,18,000. மீதி 48,000 கட்டினால்தான் உடலைத் தருவோம் என்றதால், பின்தேதியிட்ட செக் கொடுத்துவிட்டு வாங்கி வந்து உறவினர் தோட்டத்தில் புதைத்தோம். கேஸ் ஷீட் (சிகிச்சைக் குறிப்பேடு) தர மறுக்கிறார்கள். செக் திரும்பினால் போலீசுக்குப் போவோம் என்கிறார்கள். மனிதர்களுக்கு முன்பணம் இல்லாமல் அவசர சிகிச்சை தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே, இவர்களுக்கு இல்லையா? நான் என்ன செய்யலாம்?

பதில்: ரோஸியை இழந்த துக்கத்தோடு இந்தக் கணக்கையும் சுமக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் இரண்டு வழக்குகள் கலந்திருக்கின்றன. ஒன்று பில், மற்றொன்று சிகிச்சை. பில் விஷயத்தில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. சிகிச்சையில் கவனக்குறைவு என்று நிரூபிப்பது கடினம். துக்கத்தில் இருப்பவர்கள் கடினமானதையே முதலில் எடுத்து, எளிதில் வெல்லக்கூடியதையும் கோட்டைவிட்டுவிடுகிறார்கள். நீங்கள் பில்லில் தொடங்குங்கள்.

நீங்கள் அனுப்பிய பில் நகலில் அறுவை சிகிச்சையும் மயக்க மருந்தும் 45,000, தீவிர சிகிச்சை அறை 15,000, அவசர கால மருத்துவர் கட்டணம் 5,000, எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் 9,000, மருந்து மற்றும் உபகரணங்கள் 26,000. ஆக 1,00,000. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 18,000.

இந்த 18,000 வாங்கியிருக்கவே கூடாது. கால்நடை மருத்துவமனை விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் அளிக்கும் மருத்துவ சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. 28.06.2017 தேதியிட்ட மத்திய வரி (விகிதம்) அறிவிக்கை எண் 12/2017, வரிசை எண் 46-ஐப் பாருங்கள். மருந்துக் கடை கவுண்டரில் தனியாக வாங்கும் மருந்துக்கும், நாயை விட்டுச்செல்லும் தங்கும் விடுதிச் சேவைக்கும் வரி உண்டு. உள்நோயாளியாக வைத்து ஆபரேஷன் செய்ததற்கும் அதில் செலவான மருந்துக்கும் கிடையாது. ‘அரசுக்குக் கட்டிவிட்டோம்’ என்று பதில் வந்தால், அது அவர்களுக்கும் வரித்துறைக்கும் உள்ள கணக்கு என்று எழுதுங்கள்.

அடுத்து மதிப்பீடு. 60,000 என்று எழுத்தில் சொல்லிவிட்டு வரி நீங்கலாக 1,00,000 போட்டிருக்கிறார்கள். மதிப்பீட்டைத் தாண்டிய எல்லாத் தொகையும் செல்லாது என்று சொல்ல முடியாது. வயிற்றைத் திறந்த பிறகு மண்ணீரலையும் அகற்ற வேண்டிவரலாம், ரத்தம் ஏற்ற வேண்டிவரலாம். இனாமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனைப் பெற்றவர் நியாயமான ஈடு தர வேண்டும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 70. ஆனால் நீங்கள் அன்றிரவு முழுக்க வெளிக்கூடத்தில்தான் இருந்தீர்கள். 4 மணிக்கு 30,000 வாங்க உங்களைத் தேடி வந்தவர்கள், செலவு ஏறுகிறது, தொடரலாமா என்று அப்போது கேட்டிருக்க முடியும். விலையைத் தெரிந்துகொள்ளும் உரிமை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(9)-இல் இருக்கிறது. சம்மதத்தைத் தாண்டிச் செய்யும் கூடுதல் சிகிச்சை உயிர்காக்க உடனடியாகத் தேவைப்பட்டதா என்று பார்க்கும் அளவுகோலை மனித நோயாளி தொடர்பான சமீரா கோலி வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் வகுத்தது. அது விலங்குகளுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஒப்புமை காட்டி வாதிடலாம்.

‘மருந்து மற்றும் உபகரணங்கள் 26,000’ என்ற ஒற்றை வரியை அப்படியே ஏற்காதீர்கள். மருந்தின் பெயர், பேட்ச் எண், அளவு, அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை என்று வரிவரியாகக் கேளுங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது. பட்டியல் வந்ததும் ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். அதிர்ச்சி நிலையில் இருக்கும் நாய்க்கு முழு அளவு திரவம் கிலோவுக்குச் சுமார் 90 மில்லி. 34 கிலோவுக்கு மூன்று லிட்டர், அதாவது 500 மில்லி பாட்டில் ஆறு. ஆபரேஷன் சமயத்திலும் பிறகும் சில பாட்டில்கள் கூடும். இருபது என்று எழுதியிருந்தால் காரணம் கேட்க வேண்டும்.

இப்போது செக். இதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். வங்கிக்குப் போய் ‘ஸ்டாப் பேமென்ட்’ கொடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அப்படித் திரும்பும் செக்குக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138 பொருந்தும் என்று 1998-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் குற்றத்துக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். கடனுக்காகவே செக் கொடுக்கப்பட்டது என்று நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது.

பணம் இருந்தால் என் யோசனை இது. செக் தேதிக்கு முன்பே, ‘இந்தச் செக் உடலைத் தர மறுத்த நெருக்கடியில் கொடுக்கப்பட்டது; ஆட்சேபணையுடன்தான் பணமாக விடுகிறேன், திரும்பப் பெறும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை’ என்று எழுதி அனுப்புங்கள். பிறகு கணக்கில் பணம் வைத்து செக்கை விட்டுவிடுங்கள். 48,000-ஐ மிச்சப்படுத்தப் போய் ஒரு குற்ற வழக்கில் வாய்தா வாய்தாவாக அலைவது உங்களுக்கு நட்டம். பணம் இல்லாமல் செக் திரும்பினால், அவர்கள் 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கிடைத்ததிலிருந்து 15 நாளுக்குள் பணம் கட்டலாம். கட்டாவிட்டாலும் அந்த நோட்டீசுக்குப் பதில் அனுப்பாமல் இருக்கவே கூடாது. போலீஸ் என்ற மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். 138 வழக்கு நீதிமன்றத்தில் தனிப் புகாராகத் தொடுப்பது. 70,000 கட்டியிருக்கும் உங்கள்மேல், தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் தேவைப்படும் மோசடிக் குற்றம் நிற்காது.

உடலைப் பிடித்து வைத்தது சரியா? சட்டத்தின் பார்வையில் வளர்ப்பு விலங்கு அசையும் சொத்து. ஒப்படைத்த பொருள்மேல் உழைப்போ திறமையோ செலுத்தியவர் கூலி வரும்வரை அதை வைத்துக்கொள்ளலாம் என்கிறது ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170. உயிரோடிருக்கும் நாய் விஷயத்தில் மருத்துவமனை இந்தப் பற்றுரிமையை வாதமாக வைக்க இடமிருக்கிறது. இறந்த உடலுக்கு அந்த வாதம் பலவீனமானது என்பதே என் கருத்து. விற்று ஈடுகட்ட அதில் எதுவுமில்லை, உரிமையாளரின் துக்கத்தை மட்டுமே பிணையாக வைத்திருக்கிறார்கள். அதிலும் வாங்கக்கூடாத 18,000 வரியையும் சேர்த்துக் கேட்டுத் தடுத்து வைத்திருக்கிறார்கள். சொத்தைச் சட்டவிரோதமாகத் தடுத்துவைத்துச் சம்மதம் வாங்குவது அதே ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 15-இன்படி வற்புறுத்தல். வற்புறுத்தலில் கொடுத்த பணம் பிரிவு 72-இன்படி திரும்பத் தரவேண்டியது. மருத்துவமனைக்கு நீங்கள் அனுப்பப்போகும் நோட்டீசில் இந்த இரண்டு பிரிவுகளும் இருக்கட்டும்.

முன்பணம் பற்றிய கேள்விக்குப் பதில் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். பரமானந்த் கட்டாரா வழக்கில் (1989) உச்ச நீதிமன்றம் சொன்ன அவசர சிகிச்சைக் கடமை மனித உயிருக்கானது. கால்நடை மருத்துவமனை முன்பணம் கேட்பதைத் தடுக்க அதைப் பயன்படுத்த முடியாது. அந்த வாதத்தைப் புகாரில் சேர்த்தால் மற்ற நல்ல வாதங்களின் கனம் குறையும். விலங்கைப் பொறுப்பில் எடுத்தவர் அதன் தேவையற்ற வலியைத் தடுக்க வேண்டும் என்று மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960, பிரிவு 3 சொல்கிறது. வலிமருந்துகூடப் போடாமல் கிடத்தியிருந்தால் அதைக் குறிப்பிடலாம். அந்தச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதமே 10 முதல் 50 ரூபாய்தான் என்பதால் தனி வழக்காகப் போடுவதில் பயனில்லை.

இனி சிகிச்சை. நாய் இறந்தது மட்டுமே கவனக்குறைவுக்குச் சான்றாகாது. ஜேக்கப் மாத்யூ வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோல், சாதாரணத் திறமையுள்ள ஒரு மருத்துவர் அந்தச் சூழலில் செய்வதை இவர் செய்தாரா என்பதுதான். இரைப்பை முறுக்கில் சரியான நேரத்தில் ஆபரேஷன் செய்தும் இறக்கும் நாய்கள் உண்டு. உங்கள் வழக்கின் உயிர்நாடி 12.15-க்கும் 3.30-க்கும் நடுவிலுள்ள மூன்றே கால் மணி நேரம். ஆனால் அந்த இடைவெளியே தவறு என்று சொல்லிவிட முடியாது. உப்பிய இரைப்பை பெரிய ரத்தக்குழாயை நசுக்கி ரத்த அழுத்தத்தை வீழ்த்திவிடும். அந்த நிலையில் உடனே மயக்க மருந்து கொடுத்தால் மேசையிலேயே இறந்துவிடலாம். அதனால் முதலில் முன்னங்கால்களில் ஊசி போட்டு வேகமாகத் திரவம் ஏற்றி, வாய்வழிக் குழாயாலோ விலாவுக்குப் பின்னால் ஊசி குத்தியோ காற்றை வெளியேற்றி, நிலைப்படுத்திய பிறகே திறப்பார்கள்.

எனவே கேஸ் ஷீட்டில் தேட வேண்டியவை: வலப்பக்கம் படுக்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயின் நேரம், காற்றை வெளியேற்றிய நேரம், திரவம் தொடங்கிய நேரமும் அளவும், மயக்கம் கொடுத்த நேரம், ஆபரேஷனுக்குப் பிறகு இதயத் துடிப்புக் கோளாறைக் கவனிக்க இசிஜி வைத்தார்களா என்பது. 12.15 முதல் இவை வரிசையாகப் பதிவாகியிருந்தால் கவனக்குறைவு வாதத்தைக் கைவிட்டு பில்லோடு நில்லுங்கள். 3 மணி வரை எதுவுமே பதிவாகவில்லை என்றால், அந்த வெற்றிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். நீங்கள் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தில் ‘எந்த விளைவுக்கும் பொறுப்பல்ல’ என்று இருந்தாலும், நீங்கள் ஏற்றது ஆபரேஷனின் இயல்பான ஆபத்தை மட்டுமே.

பிரேதப் பரிசோதனை நடந்திருந்தால் பாதி கேள்விகளுக்கு விடை கிடைத்திருக்கும். நம் ஊர் வெயிலில் உடல் சில மணி நேரத்திலேயே உள்ளுக்குள் அழியத் தொடங்கிவிடும். இப்போது தோண்டி எடுப்பதில் பலனில்லை, ரோஸியை விட்டுவிடுங்கள். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: உடலை ஐஸ் வைத்துக் குளிர்ச்சியில் வையுங்கள், உறைய வைக்காதீர்கள், உறைந்தால் திசுக்கள் கெட்டுவிடும். அன்றே ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியின் நோயியல் துறையை அணுகுங்கள். சென்னையில் வேப்பேரிக் கல்லூரி.

கேஸ் ஷீட்டை 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்ற விதி மனித மருத்துவர்களுக்கானது. உங்கள் விஷயத்தில் வழி வேறு. எழுத்தில் கேளுங்கள், மறுத்தால் நுகர்வோர் ஆணையம் பிரிவு 38(9)-இன்படி ஆவணத்தைக் கொண்டுவர உத்தரவிடலாம். கையிலிருக்கும் ஆவணத்தை ஒளிப்பவருக்கு எதிராக அனுமானிக்க பாரதிய சாக்ஷிய அதினியம் (இன்றைய சாட்சியச் சட்டம்) பிரிவு 119 இடம் தருகிறது. நோட்டீசில் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படியும் கேளுங்கள். பல இடங்களில் சில வாரங்களில் பழைய பதிவுமேல் புதியது ஏறிவிடும் என்பதால், இது இந்த வாரமே போக வேண்டும். உங்கள் தரப்பில் யூபிஐ குறுஞ்செய்திகள்தான் நேரத்துக்குச் சாட்சி. வாட்ஸ்அப் மதிப்பீட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்ததோடு விடாமல், போனிலேயே அழியாமல் வைத்திருங்கள். தாக்கல் செய்யும்போது மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ், அந்தச் சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-இன்படி, வேண்டும்.

நோட்டீசை ஸ்பீட் போஸ்ட்டில் சேர்ப்புச் சான்றுடன் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். ஆபரேஷன் செய்தவரின் கால்நடை மருத்துவ மன்றப் பதிவு எண்ணையும் கேளுங்கள். இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் 1984, பிரிவு 30-இன்படி பதிவு பெற்றவர்தான் சிகிச்சை செய்யலாம். நள்ளிரவில் உதவியாளரே எல்லாம் செய்திருந்தால் வழக்கின் முகமே மாறிவிடும். மருத்துவரின் நடத்தை பற்றித் தமிழ்நாடு மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்தில் தனியாகப் புகார் தரலாம். அங்கே பணம் கிடைக்காது.

பதில் திருப்தியாக இல்லாவிட்டால் புகாரை நீங்கள் வசிக்கும் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், மருத்துவமனை எங்கிருந்தாலும் சரி. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. ரோஸி இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பில் பகுதிக்கு நிபுணர் தேவையில்லை. தாமதப் பகுதிக்கு, கேஸ் ஷீட் கிடைத்ததும் கால்நடை அறுவை சிகிச்சையில் முதுநிலைப் பட்டம் பெற்ற ஒருவரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்று கிஷன் ராவ் வழக்கு (2010) சொன்னாலும், இதில் அது இல்லாமல் ஜெயிப்பது கடினம். மன உளைச்சலுக்கு இழப்பீடு கேளுங்கள், ஆனால் லட்சக்கணக்கில் எதிர்பார்க்காதீர்கள்.

மருத்துவமனையின் பெயரை இணையத்தில் போட்டுத் திட்டாதீர்கள். ‘60,000 என்றார்கள், 1,18,000 பில் போட்டார்கள்’ என்று ஆவணமுள்ளதை மட்டும் எழுதினால் அவதூறு வழக்குக்கு இடமிருக்காது. ஆணையம் பிரிவு 37-இன்படி சமரசத்துக்கு அனுப்பினால் மறுக்காமல் போங்கள். இப்படிப்பட்ட பில்லை வைத்துக்கொண்டு விசாரணை வரை செல்ல மருத்துவமனைகள் விரும்புவதில்லை. சமரச ஒப்பந்தத்தில் ஜிஎஸ்டி தொகையும் மதிப்பீட்டைத் தாண்டிய தொகையும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கட்டும். செக் இன்னும் அவர்கள் கையில் இருந்தால் அதைத் திரும்ப வாங்கிய பிறகும், பணமாகிவிட்டிருந்தால் தொகை உங்கள் கணக்கில் ஏறிய பிறகும் மட்டுமே கையெழுத்துப் போடுங்கள்.