பிம்முக்கு மாற உண்மையில் எவ்வளவு ஆகும்? கட்டடக்கலை அலுவலகங்களுக்குக் கேள்வி பதில்

வணக்கம். கோவையில் ஒன்பது பேர் கொண்ட கட்டடக்கலை அலுவலகம் நடத்துகிறேன். ஆட்டோகேடில் கோடு கோடாக வரைந்துகொண்டிருந்த நாங்கள் ஏழு வருடத்துக்கு முன்னால் ரெவிட் என்ற பிம் மென்பொருளுக்கு மாறினோம். பிம் என்றால் பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங்: தனித்தனிக் கோடுகளுக்குப் பதிலாக, சுவர், கதவு என்று தகவலோடு கட்டடத்தின் முப்பரிமாண மாடலையே கம்ப்யூட்டரில் செய்வது. அதை வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் செலவைப் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

செந்தில், திருச்சி: நாங்கள் ஆறு பேர். டீலர் ஆறு ரெவிட் லைசன்ஸுக்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். இதுதான் மொத்தச் செலவா மேடம்?

இல்லை. கொட்டேஷனில் வராத செலவு நிறைய இருக்கிறது. முதலில் ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

பிம்மில் போட்ட பணம் எப்படித் திரும்பி வரும் என்று ரெவிட்டை விற்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனமே முன்பு ஒரு சூத்திரம் வெளியிட்டது. ஓர் ஆளுக்கு மென்பொருளும் கம்ப்யூட்டரும் சேர்த்து 6,000 டாலர், மாதச் சம்பளம் 4,200 டாலர். கற்றுக்கொள்ளும் 3 மாதம் பாதி வேலைதான் நடக்கும், அப்புறம் வேகம் 25 சதவீதம் கூடும். இப்படி வைத்துக்கொண்டால் முதல் வருடத்தில் போட்டதில் 61 சதவீதம் திரும்பி வருகிறது. கற்கும் காலத்தில் வீணாகும் சம்பளம் மட்டும் 6,300 டாலர். விற்பவர்கள் கணக்கிலேயே அது மென்பொருள், கம்ப்யூட்டர் செலவைத் தாண்டிவிடுகிறது.

இப்போது நம் ஊர் எண்களைப் போடுங்கள். மென்பொருளும் கம்ப்யூட்டரும் இரண்டரை லட்சம், சம்பளம் 40,000 என்று வைக்கிறேன். இது உதாரணத்துக்குத்தான், உங்கள் கொட்டேஷனைப் போட்டுக்கொள்ளுங்கள். கற்கும் காலத்து நஷ்டம் 60,000. வேகம் 25 சதவீதம் கூடினால் அதே வேலைக்கு 32,000 சம்பளம் போதும், மாதம் 8,000 மிச்சம்; மீதி 9 மாதத்தில் அது 72,000. போட்டது மொத்தம் 3,10,000. ஆக முதல் வருடம் திரும்புவது 23 சதவீதம்தான்.

காரணம் எளிது. மென்பொருளின் விலை உலகச் சந்தையை ஒட்டிப் போகிறது, சம்பளம் உள்ளூர் சந்தையை ஒட்டிப் போகிறது. வேகமாக வரையலாம் என்ற ஒரே காரணத்துக்காக வாங்கினால் நம் ஊரில் கட்டுப்படியாகாது. அடுத்த வருடம் கம்ப்யூட்டர் வாங்க வேண்டியதில்லை, ஆனால் மென்பொருளின் வருடச் சந்தா மறுபடி வரும். மாடலிலிருந்து அளவு எடுப்பது, ஸ்ட்ரக்சர் வரைபடத்தோடும் பிளம்பிங் வரைபடத்தோடும் ஒப்பிட்டு ஒன்றோடொன்று இடிக்கும் இடங்களைக் கண்டுபிடிப்பது, தளத்தில் இடித்துக் கட்டும் வேலையைத் தவிர்ப்பது, இவற்றுக்குப் பயன்படுத்தினால்தான் பணம் திரும்பும். உங்கள் அலுவலகத்தில் இந்த வேலைகளை யார் செய்யப் போகிறார்கள் என்று முடிவு செய்துவிட்டு டீலரிடம் பேசுங்கள்.

அதே செந்தில்: ஆறு லைசன்ஸும் வேண்டுமா?

வேண்டாம். மாடல் செய்பவர்கள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், அவர்களுக்கு மட்டும் வாங்குங்கள். தளத்துக்குப் போகிறவருக்கு, மாடலைத் திறந்து பார்க்க மட்டும் உதவும் இலவச வியூவர் போதும். ரெவிட்டின் எளிய பதிப்பான ரெவிட் எல்டி விலை குறைவு, ஆனால் அதில் ஒரே மாடலில் பல பேர் சேர்ந்து வேலை செய்ய முடியாது. தனி ஆள் நடத்தும் அலுவலகத்துக்கு அது சரி. ஒரு லைசன்ஸை நாலு பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் நெட்வொர்க் முறையை நம்ப வேண்டாம். 2020-லிருந்து ஆட்டோடெஸ்க் ஒவ்வொரு லைசன்ஸும் ஒருவர் பெயருக்கு மட்டும் என்ற முறைக்கு மாறிவிட்டது.

கவிதா, மதுரை: ஒரு தடவை வாங்கி வைத்துக்கொள்ள வழியே இல்லையா? வருடா வருடம் விலை ஏறினால் என்ன செய்வது?

ரெவிட்டில் இல்லை. 2016-லேயே நிரந்தர லைசன்ஸ் விற்பதை நிறுத்திவிட்டார்கள். விலை ஏற்றம் பெரிய அலுவலகங்களுக்கும் வலிக்கிறது. 2020 ஜூலையில் ஜாஹா ஹதீத், கிரிம்ஷா உட்படப் பல பிரிட்டிஷ் அலுவலகங்கள் சேர்ந்து ஆட்டோடெஸ்க் தலைவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. ரெவிட்டுக்கான செலவு ஏறிக்கொண்டே போகிறது, அதற்கேற்ற முன்னேற்றம் மென்பொருளில் இல்லை என்பதுதான் அவர்கள் புகார். அவ்வளவு பெரியவர்களே பேரம் பேசத் திணறும்போது நாம் வருடாந்திர ஏற்றத்தையும் பட்ஜெட்டில் சேர்த்தே வைக்க வேண்டும்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. ஹங்கேரியின் ஆர்ச்சிகேட் ரெவிட்டை விடப் பழையது, கட்டடக்கலைஞர்களுக்குப் பிடிக்கும் மென்பொருள். பெல்ஜியத்தின் பிரிக்ஸ்கேடுக்கு நிரந்தர லைசன்ஸ் கிடைக்கிறது. பிளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருளுக்குள் ஓடும் பான்சாயும் இலவசம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் ஸ்ட்ரக்சர் கன்சல்டண்டும் எம்இபி (ஏசி, மின்சாரம், பிளம்பிங்) கன்சல்டண்டும் எதில் வேலை செய்கிறார்களோ அதோடு ஒத்துப்போகாவிட்டால், மிச்சம் பிடித்த பணம் கோப்பு மாற்றும் வேலையில் போய்விடும். ஐஎஃப்சி என்ற பொதுக் கோப்பு வடிவம் இருக்கிறது, ஐஎஸ்ஓ தரமும் பெற்றது. வடிவமும் அளவும் அதில் நன்றாகவே போய்ச் சேரும். ஆனால் வேறு மென்பொருள் வைத்திருப்பவர் அதைத் திறந்து, நம் சுவரைத் திருத்திக்கொண்டே வேலை செய்வது கஷ்டம்.

பிரவீன், சேலம்: அக்கா, கம்ப்யூட்டருக்கு எவ்வளவு ஒதுக்கலாம்? கிராஃபிக்ஸ் கார்டு பெரிதாக வேண்டுமா?

கிராஃபிக்ஸ் கார்டில் பணத்தைக் கொட்டாதீர்கள் தம்பி. ரெவிட் பெரும்பாலும் பிராசசரின் ஒரு கோரின் வேகத்தை நம்பி ஓடுகிறது. நல்ல வேகமுள்ள பிராசசர், 32 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. மாடல் கோப்பின் அளவைப் போல 20 மடங்கு ரேம் வேண்டும் என்பது பழைய வழிகாட்டி, இன்றும் உதவும். பலர் மறப்பது யூபிஎஸ்ஸையும் பேக்கப்பையும். நாலு பேரின் வேலை ஒரே மையக் கோப்பில் இருக்கிறது, அது கெட்டால் எல்லோருக்கும் ஒரு நாள் போச்சு. அந்தக் கோப்பை டிராப்பாக்ஸ் போன்ற இடத்தில் வைத்துச் சேர்ந்து வேலை செய்யாதீர்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: முதல் ஒரு வருடம் கிராக் வெர்ஷனில் பழகிவிட்டு அப்புறம் வாங்கினால் என்ன?

செய்யாதீர்கள். இந்தியப் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 63பி பிரிவின்படி, திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்துவது குற்றம். குறைந்தது 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். பழகுவதற்கு இலவசச் சோதனைக் காலம் இருக்கிறது. கல்லூரி மாணவர் லைசன்ஸிலும் சம்பளத்துக்கான வேலை செய்யக் கூடாது.

ரமேஷ், சென்னை: பயிற்சிக்குப் பணம் கட்டி ஒரு பையனைத் தயார் செய்தேன். எட்டே மாதத்தில் வெளிநாட்டுக்கு மாடல் செய்து தரும் கம்பெனிக்குப் போய்விட்டான். இந்தச் செலவை எப்படித் தடுப்பது?

எனக்கும் இரண்டு முறை நடந்தது. அமெரிக்கா, பிரிட்டன், வளைகுடா வேலைகளை எடுத்துச் செய்யும் நிறுவனங்கள் சென்னையிலும் கோவையிலும் இருக்கின்றன. அவை கொடுக்கும் சம்பளத்தோடு நாம் போட்டி போட முடியாது, பையன்கள் மேல் கோபப்படவும் முடியாது.

தடுக்க முடியாது, இழப்பைக் குறைக்கலாம். முதல் பையன் போனபோது அவன் செய்து வைத்த கதவு, ஜன்னல், சன்ஷேடு ஃபேமிலிகள் (மாடலில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் தயார் பாகங்கள்) எல்லாம் ஒவ்வொரு புராஜெக்ட் கோப்புக்குள்ளேயும் சிதறிக் கிடந்தன. எது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மறுபடி செய்ய ஆறு வாரம் ஆனது. அதன் பிறகு ஒரே இடத்தில் நூலகம் வைத்தோம். 230 மி.மீ. செங்கல் சுவர், லிண்டல், நம் ஊர்க் கதவு ஜன்னல் அட்டவணை, டைட்டில் பிளாக் எல்லாம் அலுவலக டெம்ப்ளேட்டில் இருக்கும். என்ன பெயர் வைக்க வேண்டும், எப்படிச் சேமிக்க வேண்டும் என்று நாலு பக்கத்தில் தமிழிலேயே எழுதி வைத்தோம். இரண்டாவதாக ஒரு பெண் வேலையை விட்டுப் போனபோது புதியவர் பத்து நாளில் வேலையை எடுத்துக்கொண்டார். அந்த டெம்ப்ளேட்டுக்குப் போன மூன்று மாத நேரம்தான் எங்கள் ஆகப் பெரிய செலவு. ஒரு பைசாகூடப் பில்லில் வரவில்லை.

இன்னொன்று, அலுவலகத்தின் மூத்த டிராஃப்ட்ஸ்மேனை விட்டுவிட்டுச் சின்னப் பையன்களுக்கு மட்டும் பயிற்சி கொடுக்காதீர்கள். கட்டடம் எப்படிக் கட்டப்படுகிறது என்று அவருக்குத்தான் தெரியும். அவர் பொதுவாக எங்கும் போகவும் மாட்டார்.

ஷாலினி, கோவை: கிளையன்ட் கூடுதல் ஃபீஸ் தருவாரா?

"பிம் செய்கிறோம்" என்று கேட்டால் தர மாட்டார். "அளவுப் பட்டியல் மாடலிலிருந்து தருகிறோம், பீமுக்குள் பைப் போகாமல் முன்னாலேயே பார்த்துத் தருகிறோம்" என்று தனி வரியாகப் போட்டால் சிலர் தருவார்கள். அப்பார்ட்மெண்ட் கட்டும் புரமோட்டர்களுக்கு இது உடனே புரிகிறது.

ஃபீஸ் வரும் நேரம்தான் பெரிய சிக்கல். நமக்குப் பணம் கட்டம் கட்டமாக வருகிறது. கான்செப்ட் சமயத்தில் கொஞ்சம், ஒர்க்கிங் டிராயிங் முடியும்போது அதிகம். பிம்மில் உழைப்பு முன்னால் நகர்ந்துவிடுகிறது. சுவரின் தடிமனையும் தளத்தின் உயரத்தையும் ஆரம்பத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். வேலை முன்னால், பணம் பின்னால். எங்கள் முதல் புராஜெக்டில் மூன்று மாதச் சம்பளத்தை வங்கி ஓவர்டிராஃப்டில் கொடுத்தேன். இப்போது ஒப்பந்தத்திலேயே ஆரம்பக் கட்டத்தின் பங்கைக் கூட்டிக் கேட்கிறேன்.

சிங்கப்பூரில் அனுமதிக்கான மாடலைப் படிப்படியாகக் கட்டாயமாக்கினார்கள், 2015-ல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்கள் வரை. அதற்கு முன்பே பயிற்சிக்கும் மென்பொருளுக்கும் அரசே நிதியுதவி கொடுத்தது. நம் ஊரில் அனுமதிக்கு ஆட்டோகேட் வகைக் கோட்டு வரைபடம்தான் கேட்கிறார்கள். மாறும் செலவு முழுக்க அலுவலகத்தின் தலையில்தான் விழுகிறது, இது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

முருகன், நாகர்கோவில்: நானும் ஒரு உதவியாளரும்தான். வீடுகள் மட்டும் செய்கிறோம்.

இப்போது வேண்டாம். எளிய 3டி மென்பொருளான ஸ்கெட்சப்பும் ஆட்டோகேடும் உங்களுக்குப் போதும். மருத்துவமனையோ பெரிய அப்பார்ட்மெண்டோ வந்தால் அப்போது பாருங்கள்.

கவிதா, மதுரை: முதல் புராஜெக்டாக எதை எடுக்கலாம்?

ஒரே மாதிரி தளங்கள் நாலைந்து இருக்கும் நடுத்தரக் கட்டடம். அவசரக் கெடு இல்லாதது. கூட உட்கார்ந்து பார்க்கத் தயாராக இருக்கும் ஸ்ட்ரக்சர் கன்சல்டண்ட். நாங்கள் முதல் மாடலில் கதவுக் கைப்பிடி, குழாய்த் திருகு வரை செய்து கோப்பைக் கனமாக்கி இரண்டு மாதம் இழந்தோம். எந்த வரைபடத்துக்கு எவ்வளவு விவரம் என்று முதல் நாளே தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.