கடை ஒப்பந்தத்தில் ‘டிமைஸ்’ என்று இருந்தால்

கேள்வி: பலசரக்குக் கடைக்கு ஓர் இடம் பேசியிருக்கிறேன். ஆங்கிலத்தில் வந்த ஒப்பந்தத்தில், உரிமையாளர் கடையை எனக்கு ‘டிமைஸ்’ செய்கிறார் என்று இருக்கிறது. கடைக்கே ‘டிமைஸ்டு பிரிமிசஸ்’ என்றுதான் பெயர். அகராதியில் பார்த்தால் சாவு என்கிறது. வீட்டில் பயப்படுகிறார்கள். அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லலாமா?

பதில்: தாராளமாகப் பூஜை போட்டுக் கடையைத் திறங்கள். இது சாவுச் சங்கதி இல்லை. சொத்தைக் குத்தகைக்கு விடுவதுதான் இந்த வினைச்சொல்லின் பழைய பொருள். இங்கிலாந்தில் மன்னர் இறந்ததும் முடியுரிமை வாரிசுக்குக் கைமாறுவதையும் ‘டிமைஸ்’ என்றார்கள். அந்த வழியாகத்தான் சாவு என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. வக்கீல்கள் மட்டும் பழையதை விடவில்லை.

எடுக்கச் சொல்லலாம். குத்தகைக்கு விடுகிறார் என்று பொருள்படும் ‘லெட்ஸ்’ அல்லது ‘கிராண்ட்ஸ் ஆன் லீஸ்’ என்று மாற்றினாலும் உங்கள் உரிமை குறையாது. வாடகையை ஒழுங்காகக் கட்டி, நிபந்தனைகளை மீறாதவரை, குத்தகைக் காலத்தில் உரிமையாளர் இடைஞ்சல் செய்யக் கூடாது என்று 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 108ஆம் பிரிவு சொல்கிறது. ஒப்பந்தத்தில் அதற்கு மாறாக எதுவும் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நான் கவலைப்படுவது அடுத்த சொல்லைப் பற்றி. ‘டிமைஸ்டு பிரிமிசஸ்’, அதாவது குத்தகைக்கு விட்ட இடம் என்பதற்குள் எதெல்லாம் அடங்கும்? கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்தில் கதவு எண்ணும் சதுர அடியும் மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பின்பக்கக் கழிப்பறை, பெயர்ப்பலகை மாட்டும் சுவர், சரக்கு வண்டி நிற்கும் இடம், தண்ணீர் இணைப்பு எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். தகராறு பெரும்பாலும் அங்கேதான் முளைக்கும்.

தலைப்பில் ‘லீவ் அண்ட் லைசன்ஸ்’ என்றும் உள்ளே ‘டிமைஸ்’ என்றும் இருந்தால் விளக்கம் கேளுங்கள். முன்னது வெறும் அனுமதி, பின்னது அனுபவ உரிமை. தலைப்பை வைத்து முடிவு செய்ய முடியாது, உள்ளடக்கமே முக்கியம் என்று 1959இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஓராண்டுக்கு மேல் குத்தகை என்றால் பத்திரப்பதிவும் வேண்டும்.

அப்புறம், வாரிசுச் சான்றிதழ் மனுக்களில் சிலர் ‘மை ஃபாதர் டிமைஸ்டு’ என்று எழுதுகிறார்கள். அங்கே இறந்தார் என்பதற்கு ‘டைட்’ (died) போதும்.