அப்பீல் கோர்ட்டில் நேராகப் போட முடியுமா?

கேள்வி: லாஸ் வேகஸில் கடை நடத்துகிறேன். ஒப்பந்த வழக்கில் மாவட்ட நீதிமன்றத்தில் தோற்றுவிட்டேன். நெவாடாவில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நேராகப் போடலாம், அங்கேயும் தோற்றால் மாநில உச்ச நீதிமன்றம் இருக்கிறது என்கிறார் மனு எழுதித் தரும் ஒருவர். பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அங்கே யாரும் நேராகப் போட முடியாது. அப்பீல் அறிவிப்பை, நீங்கள் தோற்ற அதே மாவட்ட நீதிமன்றத்தின் கிளார்க்கிடம் கொடுக்க வேண்டும். அது உச்ச நீதிமன்றத்துக்குப் போகும். அவர்கள் கீழே அனுப்பினால்தான் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளிடம் வரும். அங்கே தோற்றால் மறுஆய்வு கேட்கலாம், சரி; ஆனால் எடுப்பதும் விடுவதும் உச்ச நீதிமன்றத்தின் இஷ்டம்.

ஓட்டுநர் உரிமம் ரத்தான வழக்கு முதல் மரண தண்டனை வழக்கு வரை எல்லா அப்பீலையும் உச்ச நீதிமன்றத்தின் ஏழே நீதிபதிகள் பார்த்துக்கொண்டிருந்த மாநிலம் இது. இடையில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் வேண்டுமானால் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும். சட்டமன்றம் அடுத்தடுத்து இரு முறை நிறைவேற்றி, மக்களும் வாக்களிக்க வேண்டும். 1972, 1980, 1992, 2010 என நான்கு முறை மக்கள் வேண்டாம் என்றார்கள். 2014 நவம்பரில்தான் ஒருவழியாகத் தேறியது. இத்தனை வருஷம் இழுத்தடித்துக் கொண்டுவந்த ஏற்பாட்டை ஒரு பக்கத்தில் மக்களுக்கு விளக்க ஆளில்லை, தரகர்கள் விளக்குகிறார்கள்!

மனு தயாரிப்பவர் மாநிலச் செயலாளரிடம் பதிவு செய்திருக்க வேண்டும். நீங்கள் சொல்வதை டைப் செய்யலாம், அவ்வளவுதான். 'எங்கே போடலாம்' என்பது சட்ட ஆலோசனை. அதை அவர் சொல்லக் கூடாது. கடை எல்எல்சி (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்) பெயரில் இருந்தால் வழக்கறிஞர் இல்லாமல் அப்பீலே கிடையாது.

கெடு 30 நாள். எதிலிருந்து? நீதிபதி வாயால் சொன்ன நாளிலிருந்து அல்ல. தீர்ப்பு பதிவானதாக எதிர்த்தரப்பு உங்களுக்கு எழுத்தில் அறிவிப்பு அனுப்புவார்கள். அது சார்பு செய்யப்பட்ட, அதாவது முறைப்படி உங்களுக்கு அனுப்பப்பட்ட அல்லது ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து. தீர்ப்பின் நகல் வேறு, இந்த அறிவிப்பு வேறு. தலைப்பைப் படித்துப் பாருங்கள். அறிவிப்பே வரவில்லையா? கெடு ஓடத் தொடங்கவில்லை. அதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள், எதிர்த்தரப்பு நாளைக்கே அனுப்பலாம். உங்கள் வழக்கறிஞருக்கு அனுப்பியிருந்தாலும் உங்களுக்கு அனுப்பியதாகத்தான் கணக்கு.

இன்றே அந்தத் தேதியைத் தேடி எடுத்து வழக்கறிஞரிடம் போங்கள். தீர்ப்பை நிறைவேற்றாமல் நிறுத்தி வைக்கும் தடை உத்தரவையும் சேர்த்துக் கேளுங்கள். அப்பீல் போட்டாலும் அது தானாக உங்கள் வங்கிக் கணக்கைக் காப்பாற்றாது.